கங்காணி சொன்னதும் நாம் பகிர்வதும்

வாய்மொழி விளம்பரம் இப்போது ஒரு பாடமாகிவிட்டது. பல்கலைக்கழகத்தில் சந்தையியல் எடுத்தவர்களுக்கு அது ஓர் அத்தியாயம். வெளியே, சனிக்கிழமைகளில் ஹோட்டல் மண்டபத்தில் சில நூறு வெள்ளி கட்டணத்தில் நடக்கும் பட்டறை. டிக் டாக்கில் ஒரு நிமிடக் காணொளி. எங்கே கேட்டாலும் சாரம் ஒன்றுதான். விளம்பரத்தை மக்கள் நம்புவதில்லை, தெரிந்தவர் சொன்னால் நம்புகிறார்கள். ஆகவே உங்கள் பொருளைப் பற்றித் தெரிந்தவர்களைப் பேச வையுங்கள். அவர்கள் சமூக ஊடகத்தில் பேசினால் விற்பனை தானாக வரும்.

நானும் இதைப் படித்துக்கொண்டிருக்கும் மாணவிதான். படிக்க வேண்டிய பாடம் என்றே நினைக்கிறேன். நம் இளையோர் பலர் படிக்கும்போதே ஏதாவது விற்கிறார்கள்: முறுக்கு, கேக், மருதாணி, சேலைக்கு பிளவுஸ், டியூஷன். விளம்பரத்துக்குப் பணம் இல்லாதவர்களுக்கு வாய்தான் முதலீடு. ஆனால் இந்தப் பாடத்தை அமெரிக்காவில் தொடங்கி அமெரிக்காவிலேயே முடித்துவிடுகிறார்கள். பாடத்தில் ஹாட்மெயில் வருகிறது. 1996இல் தொடங்கிய அந்த இலவச மின்னஞ்சல், அனுப்பப்படும் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் தன்னைப் பற்றி ஒரு வரி சேர்த்தது. ஒன்றரை ஆண்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அதில் சேர்ந்தார்கள். நல்ல உதாரணம்தான். ஆனால் கங்காணி வருவதில்லை. நம் குடும்பங்களில் பாதியை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்ததே வாய்மொழி விளம்பரம்தான் என்று சொல்ல எந்த வகுப்பிலும் ஒரு வரிகூட இல்லை.

வட சிலாங்கூரை எடுத்துக்கொள்வோம். கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்ட பத்தாங் பெர்ஜுந்தை. இந்த வட்டாரம் முழுக்க இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடு அழிந்து ரப்பர் வந்தது. 1917இல் தென்னமரம் தோட்டத்தில் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். (தோட்டத்தின் பெயர் தென்னமரம், நட்டது செம்பனை. பள்ளியில் இதைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. எங்களுக்கு அது பெயர் மட்டும்தான்.) காடழிக்க, கன்று நட, பால் வெட்ட, குலை அறுக்க, எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நின்றுவிட்டது. ஆளை எப்படிச் சேர்ப்பது?

தோட்ட நிர்வாகங்கள் பெரும்பாலும் நம்பியது நோட்டீஸை அல்ல, மனிதரை. தன்னிடம் வேலை செய்யும் ஒருவருக்கு உரிமம் வாங்கிக் கொடுத்து, வழிச்செலவும் கொடுத்து, அவருடைய சொந்த ஊருக்கே அனுப்பியது. அவர்தான் கங்காணி. உரிமத்தோடு போகிறவர் முன்பின் தெரியாத ஊரில் தமுக்கடிக்கவில்லை. தன் தெருவில், தன் சொந்தபந்தத்தில், தன் சாதிசனத்தில் போய் உட்கார்ந்து பேசினார். கேட்டவர்களுக்கு அவர் யார் மகன் என்று தெரியும். அவர் போட்டிருந்த கோட்டும் கையில் இருந்த குடையும்தான் அவர் காட்டிய ‘ரிவியூ’ என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கதைகளில் வரும். கப்பல் செலவு கேட்பவருக்கு இல்லை. 1907இல் உருவான தமிழர் குடியேற்ற நிதியில், தோட்ட முதலாளிகள் அனைவரும் செலுத்திய பணத்திலிருந்து அது போனது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் சேர்ந்தால் போதும்.

இதை ஒரு சந்தையியல் மாணவியாகப் படிக்கும்போது முதலில் வியப்புதான் வருகிறது. இலக்கு வாடிக்கையாளர், நம்பகமான முகம், இலவச முதல் சலுகை, எல்லாம் இருக்கிறது. அடுத்து வருவது ஊதியம். கொண்டுவந்த ஆளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தரகு உண்டு. அதோடு முடியவில்லை. அவர் ஆட்கள் ஒவ்வொரு நாளும் வேலைக்கு இறங்கினால், தலைக்கு ஒரு காசோ இரண்டு காசோ அவருக்கு வரும். தலைக்காசு என்று அதற்குப் பெயர். இன்று டிக் டாக் கடையில் ஓர் இணைப்பைப் பகிர்ந்து, அதில் யாராவது வாங்கினால் கமிஷன் பெறும் ‘அஃபிலியேட்’ முறைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? தலைக்காசு நாள்தோறும் தொடர்ந்தது, அவ்வளவுதான்.

ஊரில் உட்கார்ந்து கேட்டவருக்கு, தன்னிடம் பேசும் மாமனுக்குத் தன் உழைப்பின் ஒவ்வொரு நாளிலும் ஒரு பங்கு இருக்கிறது என்று தெரிந்திருந்ததா? கங்காணிகள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பஞ்சத்திலும் பண்ணையார் கொடுமையிலும் தவித்தவர்களுக்குக் கங்காணி ஒரு கதவைத் திறந்தார் என்பதும் உண்மை. சிலர் வந்து நன்றாகவும் இருந்தார்கள். ஆனால் சொல்பவருக்குக் காசு வருகிறது என்ற ஒரே விவரம் தெரிந்திருந்தால், கேட்பவர் இன்னும் மூன்று கேள்வி கேட்டிருப்பார்: சம்பளம் எவ்வளவு, மருத்துவம் உண்டா, பிடிக்காவிட்டால் திரும்பி வர வழி என்ன? அந்த மூன்று கேள்வியின் மதிப்புதான் மறைக்கப்பட்ட தரகின் விலை. அரசாங்கத்துக்கும் இது புரிந்திருந்தது. அதனால்தான் உரிமம், பதிவு, கிராம அதிகாரியின் கையெழுத்து என்று விதிகள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசியில் 1938இல், இங்கே தோட்டக் கூலி குறைக்கப்பட்ட காலத்தில், உதவி பெற்று மலாயாவுக்குத் தொழிலாளர் போவதையே இந்திய அரசாங்கம் தடை செய்தது. கங்காணியின் வாய் அத்தோடு ஓய்ந்தது.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கங்காணியிடம் பட்ட கடனைத் தோட்டம் விட்டுத் தோட்டம் சுமக்க வைத்த ‘துண்டு’ முறை 1921 வரை சட்டப்படியே இருந்தது. அது தனிக் கதை. அங்குள்ள மாணவர்கள் எழுதட்டும்.

அமெரிக்கப் பாடநூலை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. அதில் நமக்கு உதவும் இரண்டு ஆய்வுகள் இருக்கின்றன. பால் லாசர்ஸ்ஃபெல்டும் சக ஆய்வாளர்களும் 1940 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ஒஹாயோ மாநிலத்தின் ஈரி வட்டாரத்தில் வாக்காளர்களைத் தொடர்ந்து சந்தித்தார்கள். வானொலியும் நாளிதழும் நேராக மனதை மாற்றும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. அக்கம்பக்கத்தில் அதிகம் படிப்பவர், கேட்பவர் என்று சிலர் இருந்தார்கள். செய்தி முதலில் அவர்களிடம் போய், அவர்கள் வாய்வழியாகத்தான் மற்றவர்களுக்குப் போனது. லாசர்ஸ்ஃபெல்டும் எலிஹு காட்ஸும் 1955இல் வெளியிட்ட நூலில், டெக்கேட்டர் நகரப் பெண்கள் மளிகைப் பொருள், உடை, திரைப்படம், பொது விவகாரம் ஆகியவற்றில் யார் சொல் கேட்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஒரு துறையில் சொல் எடுபடுபவருக்கு இன்னொரு துறையிலும் எடுபடும் என்பதில்லை. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்ததுதான். மீன் வாங்க ஒருவரைக் கேட்போம், பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று வேறொருவரைக் கேட்போம். பால் ஸ்டோருக்குப் பக்கத்தில் நின்றால் யார் எதற்கு என்று ஒரு வாரத்தில் விளங்கிவிடும்.

இன்னொன்று, மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதிய கட்டுரை. வேலை மாறியவர்களிடம், யார் சொல்லி இந்த வேலை கிடைத்தது என்று கேட்டார். தெரிந்தவர் மூலம் வேலை கண்டவர்களில், அடிக்கடி சந்திக்கும் நெருங்கியவர் மூலம் கண்டவர்கள் 17 விழுக்காட்டுக்கும் குறைவு. எப்போதாவது பார்க்கும் பழக்கக்காரர்தான் பெரும்பாலும் செய்தி கொண்டுவந்தார். காரணம் எளிது. நெருங்கியவருக்குத் தெரிந்தது நமக்கும் தெரியும்; தூரத்தவருக்குத்தான் புதுச் செய்தி தெரியும்.

இதை நம் நாட்டில் கண்ணால் பார்த்தோம். பேராக், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த சுகு - பவித்ரா தம்பதி 2020இன் தொடக்கத்தில் வலையொளியில் சமையல் காணொளி போட ஆரம்பித்தார்கள். தோட்டத்து வாழ்க்கை, சின்ன அடுப்படி, பேசியது மலாய். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலத்தில் வீட்டுக்குள் அடைந்திருந்த மலாய்க் குடும்பங்கள் அதைப் பார்த்து ஒருவருக்கொருவர் அனுப்பின. சில மாதங்களில் இலட்சக்கணக்கானோர் சந்தாதாரர் ஆனார்கள். தமிழில் பேசியிருந்தால் நாமும் பார்த்திருப்போம், பெருமைப்பட்டிருப்போம். ஆனால் செய்தி நமக்குள்ளேயே சுற்றி நின்றிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மலாய் மொழி அவர்களைப் பக்கத்துக் கம்பத்து அடுப்படிவரை கொண்டுபோனது. முறுக்கு விற்கும் நம் மாணவர்கள் குடும்பப் புலனக் குழுவிலும் கோயில் குழுவிலும் மட்டுமே படம் போட்டுவிட்டு, விற்பனை ஏறவில்லை என்று சலித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு குழுவிலும் இருப்பவர்கள் அதே ஆட்கள்! வகுப்பில் உடன் படிக்கும் மலாய், சீன நண்பரிடம் ஒரு பாக்கெட் கொடுத்துப் பார்த்தவர் எத்தனை பேர்?

எல்லாச் செய்தியும் ஒரே வழியில் பரவாது என்பதற்கு எங்கள் மாவட்டத்திலேயே இரண்டு சுற்றுலா இடங்கள் சாட்சி. கம்போங் குவாந்தானில் இரவில் சம்பானில் போனால் ஆற்றோரத்து பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒன்றாக மின்னுவதைப் பார்க்கலாம். சாதாரணக் கைப்பேசியில் அதை எடுத்தால் கறுப்புப் படம்தான் வரும். வெளிச்சம் அடித்து எடுக்கவும் கூடாது. ஆகவே பார்த்தவர் சொல்லித்தான் மற்றவர் வர வேண்டும். பல பத்தாண்டுகளாக அப்படித்தான் வந்துகொண்டிருக்கிறார்கள். இன்னொரு பக்கம் ஜெராம் பகுதிக் கடலில் இருக்கும் ‘ஸ்கை மிரர்’. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாள்களில் கடல் வற்றும்போது மணல்திட்டு வெளியே தெரியும். மேலே மெல்லிய நீர். அதில் வானமும் ஆளும் தலைகீழாகத் தெரியும். அதைப் பற்றி யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை, படம் போதும். முகநூலும் படவரியும் அதை நாடறியச் செய்தன.

ஆனால் படம் சொல்லாத விஷயங்கள் உண்டு. எந்த நாளில் போக வேண்டும், மழை வந்தால் என்ன ஆகும், பாட்டியைக் கூட்டிக்கொண்டு படகில் ஏற முடியுமா? இவற்றைச் சொல்ல இன்னும் ஒரு மனிதர் வேண்டியிருக்கிறது. சமூக ஊடக விளம்பரம் கற்பிப்பவர்கள் எல்லாவற்றையும் ஸ்கை மிரராகவே நினைத்துப் பாடம் நடத்துகிறார்கள். வண்ணம், கோணம், இசை என்று. நம் சிறுவணிகங்களில் பெரும்பாலானவை மின்மினி வகை. டியூஷன் ஆசிரியர் எவ்வளவு பொறுமையானவர் என்பதைப் படம் எடுக்க முடியுமா? பிளவுஸ் தைப்பவர் சொன்ன தேதிக்குக் கொடுப்பாரா என்பதை?

இனி, எனக்கு உண்மையிலேயே கவலை தரும் இடத்துக்கு வருகிறேன். சொல்பவருக்கு மதிப்பு இருக்கிறது என்று தெரிந்ததும் அந்த மதிப்பை வாங்க ஆள் வந்துவிட்டார்கள். பல்கலைக்கழக மாணவர்களுக்குப் புலனத்தில் வேலை வருகிறது: இந்தக் கடைக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்து நான்கு வரி எழுதினால் பத்து வெள்ளி. கடைக்குப் போக வேண்டியதில்லை. ஒரு முகப்பூச்சு நிறுவனம் என் தோழி ஒருத்தியிடம், ‘நீயே வாங்கிப் பயன்படுத்தியது போல் பேசு, பணம் தந்ததைச் சொல்லாதே’ என்று எழுத்திலேயே கேட்டது. அவள் மறுத்துவிட்டாள். அவளுக்குப் பதிலாக வேறொருத்தி பேசினாள்; அந்தக் காணொளியின் கீழே எங்கள் தாமானில் இருக்கும் இரண்டு அக்காமார் விலை கேட்டிருந்தார்கள்.

இதெல்லாம் பத்து வெள்ளி விஷயம், பெரிதுபடுத்துவானேன் என்று கேட்கலாம். இதே குழாய் வழியாகத்தான் பெரிய ஏமாற்றும் வருகிறது. 2022இல் நம் நாட்டு இளையோர் பலர், கைநிறையச் சம்பளம் என்ற சமூக ஊடக அழைப்பை நம்பிக் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் போய், மோசடிக் கும்பல்களிடம் அடைபட்டார்கள். அவர்களை மீட்டுக் கொண்டுவர அரசாங்கம் பெரும்பாடு பட்டது. சிலரை அழைத்தவர் முன்பின் தெரியாதவர்கூட அல்லர், தெரிந்தவர். சொந்த ஊர்க்காரரை நம்பிக் கப்பலேறிய கதையை நூறு ஆண்டுக்குப் பிறகு விமானத்தில் திரும்ப நடத்தியிருக்கிறோம்.

பழைய லயத்தில் வாய்மொழிக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. இந்தச் சீட்டில் சேர் என்று ஒருவர் சொல்லி, சீட்டு முழுகிப்போனால், மறுநாள் காலை குழாயடியில் அவர் முகத்தைப் பார்க்கலாம். அவருக்கு ஓடி ஒளிய இடமில்லை. அந்தப் பயம்தான் அவர் வார்த்தைக்கு மதிப்புக் கொடுத்தது. புலனத்தில் ‘பகிரப்பட்டது’ என்று வரும் செய்திக்குக் குழாயடி கிடையாது. முதலில் சொன்னவர் யார் என்றே தெரியாது. ஆனால் அதை நமக்கு அனுப்பியவர் பெரியம்மா என்பதால் பெரியம்மாவின் மதிப்பு அதன்மேல் ஒட்டிக்கொள்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொருளைப் பற்றிப் பொய்யாகவும் தவறாக வழிநடத்தும் வகையிலும் சொல்வதைத் தடுக்கிறது. 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டத்தின்கீழ் மருந்துகளை விளம்பரம் செய்ய மருந்து விளம்பர வாரியத்தின் அனுமதி வேண்டும். நீரிழிவு போன்ற நோய்களைக் குணமாக்கும் என்று விளம்பரப்படுத்துவதற்கே தடை உண்டு. ஆள் சேர்த்தால்தான் காசு என்று நடக்கும் பிரமிட் திட்டங்களை 1993ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டம் தடுக்கிறது. ‘சர்க்கரை நோய் பறந்துவிடும்’ என்ற சாற்றுப்பொடிப் படத்தைக் கமிஷனுக்காகத் தன் பக்கத்தில் போடும் படிவம் ஆறு மாணவருக்கு இதில் ஒன்றாவது தெரியுமா? மற்ற நாடுகள் இன்னும் நேராகவே கேட்கின்றன. இந்தியாவில் 2023 ஜனவரியில் வந்த வழிகாட்டி, பணமோ பரிசுப் பொருளோ வாங்கிக்கொண்டு பரிந்துரைப்பவர் அதை எளிய மொழியில் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது. அமெரிக்காவில் பொய் மதிப்புரைகளை விற்பதையும் வாங்குவதையும் தடுக்கும் விதி 2024இல் நடப்புக்கு வந்தது.

‘பணம் வாங்கினேன் என்று சொன்னால் யார் நம்புவார்?’ என்று என் வகுப்பில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். சில விற்பனை குறையும். அந்த விற்பனை குறைய வேண்டிய விற்பனை என்பது என் கருத்து. நாம் தமிழர்கள் இந்நாட்டில் சிறு கூட்டம்; ஒரே கோயில், ஒரே பள்ளி, ஒரே கல்யாண மண்டபம். இந்தக் கூட்டத்தில் நம்பிக்கையை ஒருமுறை விற்றுவிட்டால் மறுபடி விற்க வேறு சந்தை கிடையாது. பெரிய நிறுவனத்துக்கு அடுத்த மாவட்டம் இருக்கிறது. புக்கிட் ரோத்தானில் கேக் செய்பவருக்கு புக்கிட் ரோத்தான்தான்.

ஆசிரியர்களிடமும் விரிவுரைஞர்களிடமும் ஒரு வேண்டுகோள். சமூக ஊடகப் பணித்திட்டத்துக்கு எத்தனை விருப்பம் விழுந்தது என்று புள்ளி போடாதீர்கள். விருப்பத்தைக் காசு கொடுத்து வாங்கலாம் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். யார் சொல்லி யார் வாங்கினார் என்று கண்டுபிடித்து வரச் சொல்லுங்கள். அதற்கு மென்பொருள் வேண்டாம்.

என் சித்தி தீபாவளிக்கு முறுக்கும் நெய்யுருண்டையும் செய்து விற்கிறார். போன முறை ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டுக் கொடுத்தேன்: பெயர், எத்தனை டப்பா, யார் சொன்னாங்க. முதல் வாரம் சித்தி கேட்கவே கூச்சப்பட்டார். பிறகு பழகிவிட்டது. நோட்டைப் பார்த்தபோது, நான் மெனக்கெட்டு எடுத்த காணொளியைப் பார்த்து வந்தவர்கள் கொஞ்சம். பாதிக்கு மேற்பட்டவர்கள் எதிரே ஒரே ஒரு பெயர் இருந்தது: தஞ்சோங் காராங்கில் இருந்து வேலைக்கு வந்துபோகும் ஒரு மலாய் அக்கா. சித்தியோடு ஒரே தொழிற்சாலையில் வேறு ஷிப்டில் வேலை செய்பவர். இருவரும் வாரத்தில் ஒருமுறை பார்த்தால் அதிகம். சமூக ஊடகக் கணக்குகூட அவருக்கு இல்லை.

இந்த ஆண்டு அந்த அக்காவுக்கு இரண்டு டப்பா இலவசமாகக் கொடுக்கப் போவதாகச் சித்தி சொன்னார். கொடுங்கள், ஆனால் அவர் இனிமேல் யாரிடமாவது சொல்லும்போது ‘எனக்கு இரண்டு டப்பா சும்மா கிடைத்தது’ என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள் என்றேன். சித்தி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நோட்டில் நான்காவதாக ஒரு கட்டம் கோடு போட்டு வைத்திருக்கிறேன்: சொன்னவருக்கு என்ன கொடுத்தோம்.